ஏர்ல் வாரன்: தலைமை நீதிபதி, கிராண்ட் மாஸ்டர் (விவாத இழை)

பழையகோப்பு:

பிரவுன் வழக்கு, மிராண்டா வழக்கு (போலீஸ் விசாரணையில் கைதியின் உரிமை பற்றியது) என்றால் நம் ஊர் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் ஏர்ல் வாரன் பெயர் தெரியும். 1953 முதல் 1969 வரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அவர் ஒரு ஃப்ரீமேசன் என்பது பலருக்குத் தெரியாது. பெயருக்குச் சேர்ந்து சந்தா கட்டியவரும் இல்லை. 1935-36ல் கலிஃபோர்னியா மாநில மேசன்கள் எல்லோருக்கும் தலைவர், அதாவது கிராண்ட் மாஸ்டராக இருந்தவர்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1891ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார், வளர்ந்தது பேக்கர்ஸ்ஃபீல்டில். அப்பா நார்வேயில் பிறந்தவர், சதர்ன் பசிஃபிக் ரயில்வே தொழிலாளி. 1894 வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததற்காக அவரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். மகன் பெர்க்லியில் சட்டம் படித்து 1914ல் முடித்தார். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் இருந்தார். 1919ல் ஓக்லாந்தின் செக்கோயா லாட்ஜ் எண் 349ல் மேசன் ஆனார் (லாட்ஜ் என்பது மேசன்கள் கூடும் கிளைச் சங்கம்). அடுத்த ஆண்டே அலமேடா கவுண்டி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. 1925ல் அங்கேயே தலைமைப் பொறுப்பு, அதாவது டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. 1928ல் லாட்ஜின் மாஸ்டர், அதாவது தலைவர். அப்புறம் மாநில அட்டர்னி ஜெனரல், மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னர், கடைசியில் தலைமை நீதிபதி. உத்தியோகத்திலும் லாட்ஜிலும் படிகளை அடுத்தடுத்து ஏறியிருக்கிறார்.

என் கேள்வி இதுதான். 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்றார்கள். வாரன் பதவிக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஒருவரையொருவர் பிடிக்காத நீதிபதிகளை இப்படி ஒரே பக்கம் கொண்டுவரும் திறமை அவருக்கு எங்கிருந்து வந்தது? நீதிமன்ற அனுபவம் என்று சொல்ல முடியாது, அதற்கு முன் அவர் ஒரு நாளும் நீதிபதியாக இருந்ததில்லை. லாட்ஜில் பழகியது என்பது என் கணிப்பு. உங்கள் கருத்து?

புதுமுகம்:

சார், அடிப்படைக் கேள்வி. ஃப்ரீமேசன் என்றால் என்ன, மதமா? ரகசிய சங்கம் என்கிறார்களே. எழும்பூர் எத்திராஜ் சாலையில் ஒரு கட்டிடம் பார்த்திருக்கிறேன், உள்ளே என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வக்கீல்குமாஸ்தா:

மதம் இல்லை. ஆனால் இறைநம்பிக்கை இல்லாதவரைச் சேர்க்க மாட்டார்கள். எந்தக் கடவுள் என்று கேட்கவும் மாட்டார்கள். 1717ல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து தங்களுக்கு மேல் ஒரு தலைமை அமைப்பாக கிராண்ட் லாட்ஜ் அமைத்ததிலிருந்து இன்றைய வடிவம் தொடங்குகிறது. கல்தச்சர்களின் கருவிகளை, அதாவது மூலைமட்டம், கவராயம் போன்றவற்றை ஒழுக்கத்துக்கு அடையாளமாக வைத்துச் சடங்குகள் நடக்கும். மூன்று படிகள் உண்டு. மூன்றாவது படி முடித்தவர் மாஸ்டர் மேசன்.

இந்த விவாதத்துக்குத் தேவையான சில விதிகள் மட்டும்:

லாட்ஜுக்குள் கட்சி அரசியலும் மதச் சண்டையும் பேசக் கூடாது. புதியவரைச் சேர்க்க ரகசிய வாக்கெடுப்பு உண்டு. பெட்டிக்குள் வெள்ளை உருண்டை போட்டால் சம்மதம், கறுப்பு போட்டால் மறுப்பு. பழைய வழக்கப்படி ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கிராண்ட் லாட்ஜ், ஒவ்வொன்றும் தனி அரசு மாதிரி. நாடு முழுமைக்கும் மேலே யாரும் இல்லை. கலிஃபோர்னியாவில் கிராண்ட் மாஸ்டர் பதவி ஓராண்டுதான். அந்த ஓராண்டும் மாநிலம் முழுக்கச் சுற்றி வர வேண்டும்.

எழும்பூர் கதை வேறு இழைக்கு. அங்கே மதராஸ் பட்டணத்து லாட்ஜுகள் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன, ஆற்காட்டு நவாபின் மகன்கூட மேசன் ஆனவர். ஆரம்பித்தால் நிற்காது.

ஓக்லாந்துவாசி:

பழையகோப்பு சார் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. 1920களின் ஓக்லாந்தில் அரசியல் ஆசை உள்ள எந்த வக்கீலும் நாலைந்து சங்கங்களில் இருப்பார். வாரனும் அப்படித்தான். மேசன்கள், அவர்களோடு ஒட்டிய ஷ்ரைனர்கள், எல்க்ஸ், அமெரிக்கன் லீஜியன், நேட்டிவ் சன்ஸ் ஆஃப் த கோல்டன் வெஸ்ட் என்று பட்டியல் நீளும். கூட்டத்துக்குப் போவது, சாப்பிடுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது. கலிஃபோர்னியாவில் அப்போது கட்சிகள் பலவீனம். ஒரு வேட்பாளர் இரண்டு கட்சிகளின் முதற்கட்டத் தேர்தலிலும் நிற்கலாம். 1946ல் கவர்னர் தேர்தலுக்கு வாரன் அப்படி நின்று குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டிலும் ஜெயித்தார். கட்சி தராத வலையை இந்தச் சங்கங்கள் தந்தன.

ஆனால் ஒரு விஷயத்தில் லாட்ஜின் தடம் நிஜமாகவே தெரிகிறது என்று நினைக்கிறேன். கலிஃபோர்னியா மேசன்கள் 1920லிருந்து ஆண்டுதோறும் பொதுப் பள்ளி வாரம் கொண்டாடினார்கள். ஊர் மக்களை அரசுப் பள்ளிக்கு அழைத்து வகுப்பறையைக் காட்டுவது. அந்த அமைப்புக்கு மாநிலத் தலைவராக இருந்தவர் வாரன். பிரவுன் தீர்ப்பைப் படியுங்கள். மாநில அரசும் உள்ளாட்சியும் செய்யும் வேலைகளில் கல்விதான் தலையாயது என்ற வாதம்தான் அதன் நடுநாடி. பழைய சட்ட முன்மாதிரிகளைப் பற்றி அவர் எழுதியதைவிடப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதில்தான் சூடு இருக்கிறது.

இன்னொன்று. மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் வைத்ததை எதிர்த்த மென்டெஸ் வழக்கு கலிஃபோர்னியாவில் நடந்தது. 1947ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு, ஆசிய, அமெரிக்க இந்தியக் குழந்தைகளைப் பிரித்துவைக்க அனுமதித்த மாநிலச் சட்டப் பிரிவுகளை நீக்கும் மசோதாவில் கையெழுத்திட்ட கவர்னர் இதே வாரன்.

வக்கீல்குமாஸ்தா:

//பொதுப் பள்ளி வாரம்//

இந்தப் பள்ளிப் பாசத்துக்கு ஒரு அசிங்கமான பின்பக்கமும் உண்டு. 1922ல் ஆரிகன் மாநிலத்தில் எல்லாக் குழந்தைகளும் பொதுப் பள்ளிக்கு மட்டுமே போக வேண்டும் என்று மக்கள் வாக்கெடுப்பில் சட்டம் கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளை மூட வைப்பதுதான் நோக்கம். அதற்காக உழைத்தவர்களில் மேசன்களில் ஒரு பிரிவான ஸ்காட்டிஷ் ரைட் மேசன்களும் இருந்தார்கள், வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானும் இருந்தது. 1925ல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தூக்கி எறிந்தது. வாரனுக்கும் ஆரிகனுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மேசன்களின் கல்விப் பற்று என்று மொத்தமாகப் புகழும்போது இதையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

சந்தேகசாமி:

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். கென்னடி கொலையை விசாரித்த கமிஷனின் தலைவர் யார்? வாரன். மேசன். உறுப்பினர் ஜெரால்ட் ஃபோர்டு? மேசன். செனட்டர் ரிச்சர்ட் ரசல்? மேசன். எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர்? மேசன். செத்தவர் கத்தோலிக்கர். 888 பக்கத்தில் ‘ஒரே ஆள் சுட்டான்’ என்று முடித்துவிட்டார்கள். இதைப் பேசாமல் பள்ளி வாரம் பேசுகிறீர்கள்.

பழையகோப்பு:

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் சாமி :-)

வாரன் அந்த வேலையை முதலில் மறுத்துவிட்டார். நீதிபதிகள் வேறு பதவி ஏற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கென்னடிக்குப் பின் ஜனாதிபதியான ஜான்சன் நேரில் கூப்பிட்டு, இந்த வதந்திகள் அணு ஆயுதப் போரில் கொண்டுபோய் விடும் என்று பயமுறுத்தித்தான் சம்மதிக்க வைத்தார். ரசல் கதை இன்னும் சுவாரசியம். அவர் ஜார்ஜியா செனட்டர். பிரவுன் தீர்ப்பை எதிர்த்துத் தென் மாநிலத்தவர் 1956ல் வெளியிட்ட அறிக்கையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். வாரனோடு ஒரே கமிஷனில் உட்கார மாட்டேன் என்று ஜான்சனிடம் முரண்டு பிடித்தார், ஜான்சன் கேட்காமல் பெயரை அறிவித்துவிட்டார். இரண்டு பேரும் மேசன்கள்தான். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காத மேசன்கள். இவர்கள் கூடிச் சதி செய்தார்கள் என்பதை எப்படி நம்புவது? ஜான்சனும் 1937ல் முதல் படி மட்டும் ஏறி, அதோடு விட்டுவிட்டவர்.

கமிஷன் அறிக்கையில் ஓட்டைகள் உண்டு. அதற்குச் சி.ஐ.ஏ.வும் எஃப்.பி.ஐ.யும் மறைத்தவை காரணம் என்று தனியாகப் பேசலாம். அதற்கு மூலைமட்டமும் கவராயமும் வேண்டாம்.

தேன்மொழி:

இவ்வளவு நேரம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. வாரன் தலைமை வகித்த அந்தக் கலிஃபோர்னியா கிராண்ட் லாட்ஜில் கறுப்பினத்தவர் எத்தனை பேர்?

பிரவுன் வழக்கில் கறுப்பினப் பெற்றோர் தரப்பில் வாரன் முன்னால் நின்று வாதாடியவர் தர்குட் மார்ஷல். அவரும் மேசன். ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில் உள்ள கோல் க்ரீக் லாட்ஜ் எண் 88ஐச் சேர்ந்தவர், பிரின்ஸ் ஹால் மேசன். வாரனின் கிராண்ட் லாட்ஜ் கணக்கில் பிரின்ஸ் ஹால் லாட்ஜுகள் லாட்ஜே இல்லை, போலி. தலைமை நீதிபதி நாற்காலியில் இருந்தவரும் எதிரே கோட்டு போட்டு நின்றவரும் ஒரே மூன்று படிகளை, ஏறக்குறைய ஒரே சடங்கோடு ஏறியவர்கள். ஆனாலும் மார்ஷல் செக்கோயா லாட்ஜின் கதவைத் தட்டியிருந்தால் மேசன் என்று உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

லாட்ஜ்தான் வாரனுக்குச் சகோதரத்துவம் கற்பித்தது என்று எழுதும்போது இதை எப்படி விட முடிந்தது என்று தெரியவில்லை.

புதுமுகம்:

மேடம், பிரின்ஸ் ஹால் என்பது இடமா, ஆளா?

தேன்மொழி:

ஆள். பாஸ்டனில் வாழ்ந்த சுதந்திரக் கறுப்பர். 1775 மார்ச் மாதம், இவரும் இன்னும் பதினான்கு பேரும், பாஸ்டனில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையின் ஐரிஷ் லாட்ஜ் ஒன்றில் மேசன்கள் ஆனார்கள். வெள்ளையர் லாட்ஜுகள் இடம் தராததால் இங்கிலாந்துக்கே எழுதி, 1784ல் லண்டன் கிராண்ட் லாட்ஜிடம் முறையான சாசனம் வாங்கினார்கள். ஆப்பிரிக்கன் லாட்ஜ் எண் 459. அந்தக் காகிதம் கடல் தாண்டிக் கையில் வந்து சேர்ந்தது 1787ல். அதிலிருந்து கிளைத்ததுதான் பிரின்ஸ் ஹால் மேசன்கள் என்ற மொத்தப் பாரம்பரியம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த லாட்ஜுகள் சும்மா சடங்கு செய்துகொண்டிருக்கவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பர்கள் கூடிப் பேச ஒரு மண்டபம் கிடைப்பதே அபூர்வம். சொந்தக் கட்டிடம் வைத்திருந்தது தேவாலயங்களும் இவர்களும்தான். மிசிசிப்பி ஜாக்சனில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் என்.ஏ.ஏ.சி.பி. (கறுப்பினத்தவர் உரிமைச் சங்கம்) அலுவலகம் இருந்தது லிஞ்ச் தெருவின் மேசன் மண்டபத்தில். 1963ல் அவரைச் சுட்டுக் கொன்றபோது இறுதிச் சடங்கு நடந்ததும் அங்கேதான். அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அலுவலகம் வைத்திருந்ததும் பிரின்ஸ் ஹால் கட்டிடத்தில்.

பணமும் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கைக் கொண்டுபோவது என்றால் சாட்சி, நிபுணர், பயணம், அச்சு என்று செலவு கழுத்தை நெரிக்கும். மார்ஷலின் வழக்கு நிதிக்குப் பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜுகள் தொடர்ந்து நன்கொடை அனுப்பின. வேறு வழியில்லாத நேரங்களில் அவர்கள் கைவிட்டதில்லை என்று மார்ஷலே நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஓக்லஹோமா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி ஏடா லோயிஸ் சிப்யுவலைக் கறுப்பினப் பெண் என்று சேர்க்க மறுத்த வழக்கு, 1948ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. அதை மார்ஷலோடு சேர்ந்து நடத்திய டல்சா வக்கீல் ஏமஸ் ஹால். அவர் ஓக்லஹோமா பிரின்ஸ் ஹால் கிராண்ட் மாஸ்டர், பின்னாளில் நீதிபதியும் ஆனார். வக்கீல், நீதிபதி, மேசன் என்ற தலைப்பில் இழை போடுவதென்றால் நான் இவரைப் பற்றித்தான் போடுவேன்.

ஓக்லாந்துவாசி:

+1. இதோடு 1942ஐயும் சேர்க்க வேண்டும். பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய பிறகு ஜப்பானிய வம்சாவளியினரை அப்புறப்படுத்த வேண்டும் என்று உரக்கச் சொன்னவர்களில் அன்றைய அட்டர்னி ஜெனரல் வாரன் முன்வரிசை. நாசவேலை எதுவும் நடக்கவில்லையே என்று கேட்டால், நடக்காததுதான் பெரிய ஆபத்தின் அறிகுறி என்று நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். சட்டம் படித்தவர் வாயிலிருந்து வந்த வாதம் இது! சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். நான் முன்பு சொன்ன நேட்டிவ் சன்ஸ் சங்கம் ஜப்பானியர் எதிர்ப்பில் பேர் போனது. வாழ்நாளில் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவில்லை. இறந்த பிறகு 1977ல் வந்த நினைவுக் குறிப்புகளில்தான் ஆழ்ந்த வருத்தம் எழுத்தில் இருக்கிறது.

கிராண்ட் மாஸ்டராக இருந்த அதே 1936ல் அவர் நடத்திய பாயின்ட் லோபோஸ் கப்பல் கொலை வழக்கையும் படித்துப் பாருங்கள். தொழிற்சங்கக்காரர்கள் மேல் வழக்கு. வக்கீல் இல்லாமல் விசாரித்தது, அறையில் ஒட்டுக்கேட்பு என்று, முப்பது வருஷம் கழித்து மிராண்டாவில் அவரே கண்டித்த வகை வேலையெல்லாம் அதில் உண்டு. கப்பல் தொழிலாளர் சங்கங்கள் அவரை நீண்ட காலம் மன்னிக்கவில்லை.

பழையகோப்பு:

தேன்மொழி மேடம் எழுப்பியது சரியான கேள்வி. அதையே எடுத்துக்கொள்வோம். அன்றைய காலத்தில் ஒரு கிராண்ட் மாஸ்டரால் என்ன செய்திருக்க முடியும்? இதற்குப் பதில் வாரனுக்கு முப்பத்தேழு ஆண்டு முன்னாலேயே கிடைத்திருந்தது. ஆளும் வக்கீல்தான், நீதிபதிதான்.

வில்லியம் ஹென்றி அப்டன். வாஷிங்டன் மாநிலம், வாலா வாலா என்ற ஊரின் சுப்பீரியர் கோர்ட் நீதிபதி. 1897ல் கிடியன் பெய்லி, கான் ரைடவுட் என்ற இரண்டு கறுப்பின மேசன்கள் அந்த மாநில கிராண்ட் லாட்ஜுக்கு ஒரு மனு எழுதினார்கள். எங்களை மேசன்களாக ஏற்க ஏதாவது வழி உண்டா என்று ரொம்பப் பணிவான மனு. ஒரு குழு போட்டார்கள், அப்டன் அதில் ஒருவர். குழு 1898ல், இனமும் நிறமும் மேசன் தகுதிக்கு அளவுகோல் ஆகாது, பிரின்ஸ் ஹால் வழிவந்த லாட்ஜுகள் முறையானவையே என்று அறிக்கை கொடுத்தது. கிராண்ட் லாட்ஜ் ஏற்றுக்கொண்டது. அதே கூட்டத்தில் அப்டனைக் கிராண்ட் மாஸ்டராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு பாருங்கள் கூத்தை. தெற்கிலிருந்து மட்டுமல்ல, நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் கிராண்ட் லாட்ஜுகள் வரிசையாக வாஷிங்டனோடு உறவை முறித்துக்கொண்டன. உறவை முறித்தால் உங்கள் உறுப்பினர் அந்த மாநிலத்து லாட்ஜில் காலெடுத்து வைக்க முடியாது. ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது மாதிரிதான். 1899ல் கிராண்ட் லாட்ஜ் பணிந்தது, தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. அப்டன் மட்டும் பணியவில்லை. 1902ல் ‘நீக்ரோ மேசன்ரி’ என்று ஒரு புத்தகமே எழுதினார். நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன், தீர்ப்பு எழுதுகிற நடை. எதிர்த்தரப்பின் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சாட்சியம் வைத்து, தள்ளுபடி செய்துகொண்டே போகிறார்.

1906ல் இறந்தார். கறுப்பு மேசனும் வெள்ளை மேசனும் சகோதரர்களாகச் சேர்ந்து நிற்க முடிகிற நாள் வரை என் சமாதியில் கல் வைக்காதீர்கள் என்று உயில் எழுதியிருந்தார். வாஷிங்டன் கிராண்ட் லாட்ஜ் பிரின்ஸ் ஹாலை 1990ல் அங்கீகரித்தது, 1991ல் இரண்டு தரப்பும் கூடிக் கல் வைத்தார்கள்.

வாரன் கிராண்ட் மாஸ்டர் ஆனபோது இந்தக் கதை எல்லா மேசன்களுக்கும் தெரிந்த கதை. தொட்டால் சுடும் என்பதற்கு உதாரணமாகச் சொல்லப்பட்ட கதை. அவர் தொடவில்லை.

வக்கீல்குமாஸ்தா:

அந்த ‘ஆட்சேபங்கள்’ என்னென்ன என்று தெரிந்துகொண்டால் அப்டனின் அருமை புரியும். நிறத்தைக் காரணமாக எழுத்தில் போட யாருக்கும் தைரியம் இல்லை, எல்லாம் சட்டப் பாஷை.

முதல் வாதம்: ஒரு மாநிலத்தில் ஒரு கிராண்ட் லாட்ஜுக்குத்தான் அதிகாரம், இரண்டாவது இருந்தால் அது போலி. இது அமெரிக்காவில் கிளம்பிய கோட்பாடு, உலகப் பொது விதி இல்லை. ஆப்பிரிக்கன் லாட்ஜ் சாசனம் வாங்கியபோது பாஸ்டனிலேயே வெள்ளையரின் இரண்டு கிராண்ட் லாட்ஜுகள் போட்டி போட்டு இயங்கிக்கொண்டிருந்தன. அவை 1792ல்தான் ஒன்றாயின. தங்களுக்கே பொருந்தாத விதியைப் பின்தேதியிட்டு அடுத்தவன் மேல் போட்டார்கள்.

இரண்டாவது: 1813ல் லண்டன் கிராண்ட் லாட்ஜ்கள் இணைந்தபோது ஆப்பிரிக்கன் லாட்ஜ் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது உண்மை. தொடர்பு விட்டுப்போன வேறு பல லாட்ஜுகளும் அதே சமயம் நீக்கப்பட்டன, அமெரிக்காவின் வெள்ளை லாட்ஜுகள் உட்பட. அவற்றை யாரும் போலி என்று சொல்லவில்லை.

மூன்றாவது: உறுப்பினர் ‘சுதந்திரமாகப் பிறந்தவராக’ இருக்க வேண்டும் என்ற பழைய விதி. இங்கிலாந்து அந்தச் சொல்லை 1847லேயே ‘சுதந்திர மனிதர்’ என்று மாற்றிவிட்டது, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைத்தனம் ஒழிந்த பிறகு. அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்து தலைமுறைகள் கடந்தும் இந்த விதியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

மூன்றையும் ஒரு நீதிபதி உடைத்துக் காட்டிவிட்டார். அதன் பிறகு மிச்சம் இருந்தது வீம்புதான். 1947ல் மாசசூசெட்ஸ் கிராண்ட் லாட்ஜ் மறுபடி முயன்றது, 1949ல் அதுவும் பின்வாங்கியது.

சந்தேகசாமி:

சரி, என் கமிஷனை விடுங்கள். ஆனால் பிரவுன் தீர்ப்பு சொன்ன ஒன்பது பேரில் எத்தனை மேசன்கள்? அதையாவது சொல்லுங்கள்.

பழையகோப்பு:

பெரும்பான்மை மேசன்கள்தான். ஹ்யூகோ பிளாக், ராபர்ட் ஜாக்சன், ஹரால்ட் பர்ட்டன், டாம் கிளார்க், வாரன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். பிளாக் 1920களில் அலபாமாவில் கு க்ளக்ஸ் க்ளானிலும் இருந்தவர், பிரிவினைக்கு எதிராக உறுதியாக நின்றவரும் அவரே. ஃபிராங்க்ஃபர்ட்டர் மேசன் இல்லை. அதனால் லாட்ஜ் உறுப்பினர் அட்டையை வைத்து வாக்கைக் கணிக்க முடியாது. நான் சொன்னது அட்டையை இல்லை, பழக்கத்தை.

கடைசி வரை இழுத்தவர் கென்டக்கியின் ஸ்டான்லி ரீட். பிரிவினை செல்லும் என்று தனித் தீர்ப்பு எழுதும் எண்ணத்தில் இருந்தார். வாரன் சண்டை போடவில்லை. முறையான வாக்கெடுப்பைத் தள்ளிப்போட்டார், ஏனென்றால் ஒரு முறை கை தூக்கிவிட்டால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ரீடைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில், நீங்கள் தனியாக நிற்கிறீர்கள், நாட்டுக்கு எது நல்லது என்று பாருங்கள் என்றார். ஜாக்சன் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் கிடந்தார். தீர்ப்பின் நகலை வாரனே கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். தீர்ப்பு நாளன்று ஜாக்சன் எழுந்து வந்து மேடையில் உட்கார்ந்தார், ஒன்பது பேரையும் நாடு ஒன்றாகப் பார்க்கட்டும் என்று. தீர்ப்பும் ரொம்பச் சின்னது, பத்திரிகைகள் முழுசாகப் போடக்கூடிய அளவு, யாரையும் குற்றம் சொல்லாத நடை.

ஒரு கறுப்பு உருண்டை விழுந்தால் எல்லாம் போச்சு என்கிற அவையில் பதினைந்து இருபது வருஷம் பழகிய மனிதரின் வேலையாகத்தான் இது எனக்குத் தெரிகிறது.

தேன்மொழி:

அழகான ஊகம், ஆனால் ஊகம்தான். பத்து வருஷம் கவர்னராக இருந்தவருக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பேசுவதற்கு லாட்ஜ் பயிற்சி வேண்டுமா? என் கணக்கில் அவரை மாற்றியது 1942. வீட்டையும் பள்ளித் தோழர்களையும் விட்டுப் பிரிக்கப்பட்ட குழந்தைகளை நினைத்தாலே மனசாட்சி உறுத்தியது என்று நினைவுக் குறிப்பில் எழுதியவர். அந்தக் கடனைப் பள்ளிக் குழந்தைகள் விஷயத்தில் தீர்த்தார் என்று படிக்க நான் தயார். இதுவும் ஊகம்தான் :-)

ஊகம் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். 1967ல் மார்ஷல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். செனட்டில் 69க்கு 11. 1969ல் வாரன் ஓய்வு பெறும் வரை இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். லாட்ஜில் உட்கார்ந்ததில்லை. வெள்ளையர் கிராண்ட் லாட்ஜுகளில் முதலில் நிலையாக அங்கீகரித்தது கனெக்டிகட், 1989ல். கலிஃபோர்னியா வந்தது 1995ல். வாரன் இறந்தது 1974, மார்ஷல் 1993.

புதுமுகம்:

எனக்கு ஒரு சந்தேகம். பிரவுன் தீர்ப்பை வைத்தே லாட்ஜுகள் மேல் வழக்குப் போட்டிருக்கலாமே? ஏன் 1995 வரை காத்திருந்தார்கள்?

வக்கீல்குமாஸ்தா:

நல்ல கேள்வி. போட முடியாது. பதினான்காவது திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் சங்கம் யாரைச் சேர்க்கிறது என்பதில் அது நுழையாது. பள்ளி அரசுடையது, அதனால் பிரவுன் பாய்ந்தது.

ஆனால் சுற்றுவழியில் ஒரு முயற்சி நடந்தது. மூஸ் லாட்ஜ் எண் 107 எதிர் இர்விஸ், 1972. இவர்கள் மேசன்கள் இல்லை, மூஸ் என்ற வேறு சங்கம், அமைப்பு மட்டும் ஒத்த மாதிரி. பென்சில்வேனியா சட்டமன்றத்தின் கறுப்பினத் தலைவர்களில் ஒருவரான லிராய் இர்விஸை, ஹாரிஸ்பர்க்கில் ஒரு வெள்ளை உறுப்பினர் விருந்தினராக அழைத்துப் போனார். சாப்பாடும் தர மாட்டோம், மதுவும் தர மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். இர்விஸின் வாதம்: உங்கள் மதுக்கடை உரிமம் மாநில அரசு கொடுத்தது. எண்ணிக்கை வரம்பு வைத்துக் கொடுக்கிற அந்த உரிமத்தை வாங்கிக்கொண்டு நிறம் பார்த்தால் அதில் அரசுக்கும் பங்கு உண்டு. உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தள்ளிவிட்டது, உரிமம் கொடுப்பதால் மட்டும் அரசு கூட்டாளி ஆகாது என்று. நீதிபதி ரெங்க்விஸ்ட் எழுதிய தீர்ப்பு. மாறுபட்ட மூவர் டக்ளஸ், பிரென்னன், தர்குட் மார்ஷல்.

வாரன் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருந்திருந்தால் எந்தப் பக்கம் போட்டிருப்பார்? பழையகோப்பு சார், இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழையகோப்பு:

மார்ஷல் பக்கம் போட்டிருப்பார். அரசின் கை எங்கே பட்டாலும் அதைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் 1961ல் டெலவேர் மாநில வாகன நிறுத்தக் கட்டிடத்தில் நடந்த உணவக வழக்கில் அவர் நீதிமன்றம் எடுத்த நிலை. அது தனியார் உணவகம், கட்டிடம் மட்டும் அரசுடையது.

தேன்மொழி:

நீதிமன்றத்தில் போட்டிருப்பார், சரி. செக்கோயா லாட்ஜ் வாக்குப் பெட்டியில் என்ன போட்டிருப்பார் என்பதுதான் என் கேள்வி.

ஓக்லாந்துவாசி:

அந்தப் பெட்டியில் யார் என்ன போட்டார் என்று பார்க்கவே கூடாது என்பதுதானே விதி :-) ஏமஸ் ஹாலுக்குத் தனி இழை எப்போது மேடம்?

தேன்மொழி:

இந்த வாரக் கடைசியில் போடுகிறேன். டல்சா என்றால் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களைத் தாக்கிய 1921 கலவரத்திலிருந்து தொடங்க வேண்டும், அதனால் நீளமாக இருக்கும். சந்தேகசாமி வராமல் இருந்தால் நல்லது.